பொட்டு வைத்த போல்ட்டுகள்

அத்தியாயம் 3

விஜயதசமி அன்று எதைத் தொடங்கினாலும் அது வளரும் என்பார்கள். துப்பறிவாளர் ஏகநாதனுக்கு அன்று காலை ஒரு கேஸ் தொடங்கியது. அதுவரை வலது முழங்காலில் மட்டும் இருந்த வலி, முடிச்சூர் ரோட்டுப் பள்ளங்களில் ஆட்டோ ஏறி இறங்கியதில் இடது முழங்காலுக்கும் வளர்ந்தது.

"லீவு நாள்ல வேல பாக்கறவங்க ரெண்டே பேரு சார். ஒண்ணு டாக்டரு, இன்னொண்ணு நாம," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேபி. "டாக்டருக்காவது பேஷண்ட்டு பேசும். நமக்கு வந்து மாட்டுனது புல்டோசரு."

பேபி அவருடைய உதவியாளர். மேற்குத் தாம்பரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் மாடியில் இருந்த அவர் ஆபீசுக்கு டைப் அடிக்க வந்தவள். ஆறு வருஷத்தில் டைப் அடிப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். ஏகநாதனுக்கு ஐம்பத்துநாலு வயது. கொலை, கொள்ளை என்று கனவு கண்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர், கல்யாண மாப்பிள்ளை குடிக்கிறானா, சீட்டாடுகிறானா என்று விசாரித்தே இருபது வருஷத்தை ஓட்டியிருந்தார். எந்த மாப்பிள்ளையைப் பார்த்தாலும் அலுப்பாக இருந்தது. எந்த மனிதனைப் பார்த்தாலும் அலுப்பாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஏரிக்கரை ஓரத்தில் கீற்றுக் கொட்டகை. உள்ளே நின்றது புல்டோசர். நெற்றியில் பட்டை போட்டுச் சந்தனம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முன்னால் இருந்த பெரிய தகட்டின்மேல் சாமந்தி மாலை. சுற்றிலும் இருபது பேர் சாவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள்.

அந்த இருபது பேரின் கதையை ஏகநாதன் பேப்பரில் படித்திருந்தார். ரோடு போட வந்த கான்ட்ராக்டர் ஒருவர் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வண்டியை இங்கேயே போட்டுவிட்டு ஓடிவிட்டார். வண்டிக்குள் முள்மரம் முளைத்துவிட்டது. எண்பத்தைந்து வெள்ளத்தில் ஏரிக்கரை உடைந்து ஊருக்குள் தண்ணீர் வந்த பிறகு, கரையை உயர்த்த அரசாங்கத்தை நம்பினால் ஆகாது என்று ஊரில் ஒரு குழு சேர்ந்தது. பஞ்சாயத்து வண்டியைக் குழுவுக்கே எழுதிக் கொடுத்தது. வாத்தியார், லாரி மெக்கானிக், சைக்கிள் கடைக்காரர், ஓய்வு பெற்ற ரயில்வே ஆட்கள் என்று பத்து மாதம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக, சம்பளம் இல்லாமல், கையெல்லாம் கிரீஸாக உழைத்தார்கள். இன்று காலை பத்து மணிக்கு வண்டி முதல் தடவையாக ஓட வேண்டும். பருவமழை தொடங்க இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

"இஞ்சின்ல இருந்த டீசல் பம்பைக் காணோம் சார்," என்றார் குழுத் தலைவர் ஜெயவேலு. முடிச்சூர் வயல்களில் பாதி ஒரு காலத்தில் அவர் குடும்பத்துடையவை. இப்போது வயல் இல்லை, வெள்ளை வேட்டி மட்டும் இருந்தது. இந்தக் கொட்டகை அவர் போட்டது, ஞாயிற்றுக்கிழமை டிபன் அவர் வீட்டிலிருந்து வருவது. "அது இல்லாட்டி வண்டி வெறும் இரும்பு."

"யார் மேலயாவது சந்தேகம் உண்டா?"

"சந்தேகம் இன்னா, ஆளே தெரியும். அதோ குந்திகினு இருக்காரு பாருங்க, சத்தியநாதன்."

மூலையில் எண்ணெய் டிரம்மின் மேல் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். முள்மரத்தை வெட்டி இந்த வண்டியில் முதல் ஸ்பேனரை வைத்தவரே அவர்தான்.

"நேத்து சாயங்காலம் ஆயுத பூஜைக்கு எல்லார் ஸ்பேனரையும் கழுவி அந்தப் பலகை மேல வெச்சோம். பொட்டு வெச்சோம். வந்து பாருங்க, ஒரு ஸ்பேனர்லயும் பொட்டு கலையல. அப்போ பூஜையில வெக்காத ஸ்பேனராலதான் பம்பைக் கழட்டியிருக்கணும். இவரு வேதக்காரரு, பூஜையில எதுவும் வெக்க மாட்டாரு. இவரு டூல்பாக்ஸ் ஒண்ணுதான் வூட்ல இருந்துச்சு," என்றார் ஜெயவேலு. "இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டேன். நாலு மணிக்கு வந்து கூட்டிக்கினு போவாரு."

"ஏன் காலையிலயே வரலை?"

"ஸ்டேஷன்லயும் பூஜை போட்டிருக்காங்க சார். ஜீப்ப சாயங்காலம்தான் எடுப்பாங்களாம்."

"லத்திக்கும் பொட்டு வெச்சிருப்பாங்க. அடிச்சா கலைஞ்சிடும்ல," என்றாள் பேபி.

"ஆள் தெரிஞ்சுபோச்சுன்னா நான் எதுக்கு?" என்று கேட்டார் ஏகநாதன்.

"ஆளு வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. எனக்கு பம்பு வேணும். நாலு மணிக்குள்ள வாங்கிக் குடுத்துடுங்க. உங்க பேரைச் சொல்லி நான்தான் கூப்ட்டேன், காரணமாத்தான்."

ஏகநாதன் பெரியவரைப் பார்த்தார். அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று இருக்கும். இந்த வயதில் ஒருவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் நாலு கேள்வி கேட்டால், அதற்கப்புறம் அவர் ஊருக்குள் தலைநிமிர்ந்து டீக்கடைக்குக்கூடப் போகமாட்டார். பம்பு கிடைத்தாலும் போகமாட்டார். அப்படிப்பட்ட இரண்டு மூன்று பேரை ஏகநாதனே பார்த்திருக்கிறார்.

"நீங்க எடுத்தீங்களா சார்?"

"இல்ல."

"யார் எடுத்தாங்கன்னு தெரியுமா?"

சத்தியநாதன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "காலையில அந்த இடத்தப் பார்த்தேன்."

"பார்த்து?"

"பார்த்தேன் சார். அவ்வளவுதான்."

திருடனும் பேசுவான், திருடாதவனும் பேசுவான். தெரிந்தவன்தான் பேசமாட்டான். ஏகநாதன் பெருமூச்சு விட்டுச் சட்டைக் கையை மடித்தார். பம்பு இருந்த இடம் இஞ்சினின் அடிப்பக்கத்தில் இருந்தது. தரையில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தால்தான் கண்ணில் படும்.

"சார், மாட்டிக்கினா வெளிய இழுக்க இன்னொரு புல்டோசரு வேணும்," என்று பேபி டார்ச்சைக் கொடுத்தாள்.

உள்ளே போனவர் ஐந்து நிமிஷம் அசையவில்லை. பம்பு இருந்த இடம் காலியாக இருந்தது. ஆனால் பம்பைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளும் அந்தந்த ஓட்டையிலேயே திரும்பத் திருகப்பட்டிருந்தன. திறந்து கிடந்த டீசல் குழாய்களின் வாயில் தூசி போகாமல் துணி அடைத்து நூலால் கட்டியிருந்தது. நான்கு போல்ட்டுத் தலைகளிலும், கையெடுத்துக் கும்பிட்ட மாதிரி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. ஒரு போல்ட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருகினார். அது ஜாடி மூடிபோல் சுலபமாகச் சுற்றியது.

வெளியே வந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆகும் என்று அவருக்கே தெரியும், அதனால் உட்கார்ந்தபடியே கேட்டார். "சத்தியநாதன் சார், பம்பு போல்ட்டை எப்போ டைட் பண்ணினீங்க?"

தொழில் கேள்விக்குப் பொய் சொல்ல ஃபிட்டருக்கு வராது. "டைட் பண்ணவே இல்ல சார். நேத்து மத்தியானம்தான் பம்பு சர்வீஸ்ல இருந்து வந்தது. மாட்டும்போதே பூஜைக்கு ஸ்பேனரக் கழுவி வெக்கணும்னு கேட்டாங்க, என் டூல்பாக்ஸும் வீட்ல இருந்துச்சு. போல்ட்டு, குழாய் எல்லாத்தையும் கையால திருகி விட்டோம். பூஜையில வெச்ச ஆயுதத்த மறுநாள்தான் தொடணும். இன்னிக்கு எடுத்து இறுக்கறதா இருந்தோம்."

"யார் யார் மாட்டினீங்க?"

பெரியவர் திரும்பவும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கூட்டத்திலிருந்து சைக்கிள் கடைக்காரர்தான் சொன்னார். "அவரும் குப்பனும் சார். குப்பன்தான் வண்டிய ஓட்டப்போற டிரைவர். பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வெச்சதும் அவன்தான். காலையில இருந்து ஆளக் காணோம்."

"கலங்கல் வாய்க்கால் பக்கம் அவன் வூடு. எங்கயாவது குடிச்சிட்டுக் கெடப்பான்," என்றார் ஜெயவேலு.

"பேபி, வா, கொஞ்சம் நடப்போம்," என்றார் ஏகநாதன்.

ஏரிக்கரையை விட்டு இறங்கும்வரை பேபி பொறுத்துக்கொண்டாள். அவளுக்கு அதுவே சாதனை.

"இன்னா சார் ஆச்சு?"

"ஜெயவேலு ஸ்பேனரை வச்சுத்தான் கணக்குப் போடறார். பம்பைக் கழட்ட ஸ்பேனரே வேண்டாம். வெறுங்கையே போதும். அது தெரிஞ்சவங்க மாட்டின ரெண்டு பேர் மட்டும்தான்."

"ரெண்டுல ஒருத்தரு சர்ச்சுக்குப் போறவரு. போல்ட்டுக்குப் பொட்டு வெச்சவரு அவரு இல்ல. அப்போ குப்பன்." பேபி நின்றாள். "இருங்க சார். குப்பன மாட்டி வுடறதுக்குப் பெரியவரே பொட்டு வெச்சிருந்தா?"

"மாட்டிவிட வச்சா, நாலு பேர் கண்ணுல படற இடத்துல வச்சிருப்பார். இது தரையில படுத்தாத்தான் தெரியும். பார்க்கிறவங்களுக்காக வச்ச பொட்டு இல்லை அது. பூஜை போட்ட வண்டியை மூளியா விட்டுட்டுப் போக ஒருத்தனுக்கு மனசு வரலை. பம்பை எடுத்த இடத்துக்குப் பொட்டு வச்சு சமாதானம் சொல்லிட்டுப் போயிருக்கான்."

"திருடும்போதே பரிகாரமும் பண்ற திருடன இப்பத்தான் பாக்கறேன்."

"அவன் திருடலை. போல்ட்டைத் திரும்பப் போட்டிருக்கான், குழாயைக் கட்டியிருக்கான். பம்பைத் திரும்ப மாட்டணும்னு அவனுக்கு ஆசை. ஆனா இன்னிக்கு வண்டி ஓடக்கூடாது. ஏன்?"

பேசிக்கொண்டே கலங்கல் வாய்க்காலுக்கு வந்துவிட்டார்கள். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கலங்கலில் வழிந்து ஆற்றுக்குப் போகும் வாய்க்கால் அது. போன வாரம் பெய்த மழைக்கே கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும், ஏன், வாய்க்காலுக்குள்ளேயும்கூட, வெள்ளையடித்த கற்கள் நட்டிருந்தன. ஒவ்வொரு கல்லிலும் சிவப்பு பெயின்டில் ஒரு நம்பர். ஏகநாதன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நடு வாய்க்காலில் நின்றுவிட்டார்.

"சார்? முட்டி புடிச்சிக்கிச்சா?"

எதிரே இருந்த கல்லில் 41 என்று எழுதியிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மே மாதத்தில், சைதாப்பேட்டை புரோக்கர் ஒருவர் அவரை இங்கே அழைத்துவந்திருந்தார். அப்போது எல்லாம் காய்ந்த சமவெளி. புரோக்கர் மோர் வாங்கிக் கொடுத்தார். இருபது வருஷ மாப்பிள்ளை விசாரணையில் சேர்ந்ததெல்லாம் அன்று நாற்பத்தொன்றாம் நம்பர் மனையாக மாறியது. அன்றிலிருந்து அவர் மனைவி சரோஜினி காலண்டர் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் அதன் பின்பக்கம் வீட்டு பிளான் வரைந்துகொண்டிருந்தாள். ஊரான் வீட்டு மாப்பிள்ளையை நோண்டி நோண்டி விசாரித்தவர், தன் மனையை மழைக்காலத்தில் ஒரு தடவை வந்து பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட, ரொம்பக் களைப்பாக இருந்தது.

பேபிக்கு அந்த நம்பர் தெரியும். பத்திரத்துக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். அவர் கையிலிருந்த செருப்பை வாங்கிக்கொண்டாள்.

குப்பன் வீட்டு வாசலில் அவன் மனைவி சரசு முறத்தோடு நின்றாள். "அவரு வூட்ல இல்ல," என்றாள், கேட்பதற்கு முன்னாலேயே.

பேபி உள்ளே எட்டிப்பார்த்தாள். தரை ஈரமாக இருந்தது. கூரைக் கம்பிலிருந்து புடவையில் கட்டிய தூளி ஒன்று, தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து தொங்கியது.

"இன்னாக்கா, கொழந்த நல்லா குண்டா கீது? மூச்சு வுட்டா டீசல் வாசன வருது?"

சரசு முறத்தைக் கீழே போட்டாள். பின்பக்கமிருந்து குப்பன் வந்தான். நாற்பது வயது இருக்கும். கண் இரண்டும் தூங்காமல் சிவந்திருந்தன. தூளியை விலக்கிக் காட்டினான். உள்ளே பம்பு, துணி சுற்றி, நெற்றியில் பொட்டோடு படுத்திருந்தது.

"தரையில வெச்சா தண்ணி பட்டுடும் சார். துரு புடிச்சா எல்லாம் வீணு. பத்து மாசம் சார், என் கையாலதான் அந்த வண்டிக்கு எண்ண போட்டேன்."

"அப்புறம் ஏன்?"

"நேத்து பூஜையில ஜெயவேலு அண்ணன் எனக்கு வெத்தல பாக்கு குடுத்து தனியா சொன்னாரு. ஏரி வேல அப்புறம், நாளைக்கு மொத வேலையா இந்த வாய்க்கால மூடி சமமாக்கிடுன்னு. பிளாட்டுல வூடு கட்ட ஆளுங்க வராங்களாம்." குப்பன் கையால் தண்ணீர் மட்டத்தைக் காட்டினான். அவன் கை தோளுக்கு மேல் நின்றது. "எண்பத்தஞ்சுல வாய்க்கால் இருக்கும்போதே இம்மாந் தண்ணி. நாலு நாளு பள்ளிக்கூட மாடியில குந்திகினு இருந்தோம். வாய்க்கால மூடிட்டா? என் வூட்ட முழுவடிக்க நானே வண்டி ஓட்டணுமா சார்?"

"மத்தவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"யாரு சார் நம்புவா? கொட்டா போட்டாரு, சோறு போட்டாரு. நேத்து வரைக்கும் நானே அவரத்தான் சாமின்னு நெனச்சேன். மாட்டேன்னு சொன்னா வேற டிரைவர வெப்பாரு. மழ வர வரைக்கும் பம்ப மறைச்சி வெச்சா போதும்னு தோணுச்சு."

"உனக்குப் பதிலா இன்னிக்கு நாலு மணிக்கு சத்தியநாதனைப் போலீஸ் கூட்டிட்டுப் போகப் போகுது."

குப்பனின் முகம் மாறியது. "அந்த மனுசனயா?" அடுத்த நிமிஷம் பம்பு தூளியிலிருந்து அவன் தோளுக்கு வந்தது. "வாங்க சார். நானே வந்து சொல்றேன். என்ன வேணா பண்ணிக்கட்டும்."

கொட்டகையில் குப்பன் எல்லாவற்றையும் சொன்னான். அவன் சொல்லி முடித்ததும் ஜெயவேலு சிரித்தார்.

"பட்டா நிலம் அது. எங்க வயலத்தான் பிளாட்டு போட்டு விக்கறேன். என் நிலத்த நான் சமமாக்கக் கூடாதா? ஏரி வேலையும் நடக்கும். வாத்தியாரே, பத்து மாசம் உங்களுக்கு நான் இன்னா கொற வெச்சேன்?"

வாத்தியார் தலையைக் குனிந்தார். சைக்கிள் கடைக்காரர், வாய்க்காலை மூடினால் ஏரித் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார். லாரி மெக்கானிக், அண்ணன் யோசிக்காமல் செய்வாரா என்றார். இருபது பேரும் இருபது பக்கம் பேசினார்கள். சத்தியநாதன் மட்டும் பலகையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குப்பனோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஒரு மணி நேரத்தில் பம்பு ஏறியது, போல்ட்டுகள் இறுகின. வண்டி இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை கரும்புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது. சண்டை போட்டுக்கொண்டிருந்த இருபது பேரும் அதை மறந்து கைதட்டினார்கள். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சத்தத்தில் ஜெயவேலு ஏகநாதனின் காதருகே வந்தார்.

"எத்தினியோ துப்பறியறவங்க இருக்க, உங்களயே ஏன் கூப்ட்டேன் தெரியுமா சார்? பிளாட்டு வாங்கின லிஸ்ட்டுல உங்க பேரு கீது. நாப்பத்தொண்ணு. நீங்க நம்ம ஆளு. வாய்க்கால் மூடலன்னா என் நிலத்துல பாதிதான் போவும். உங்களுக்கு மொத்தமும் போவும்."

பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "நாமளே அடிச்சிக்க வேணாம். சார் வெளியாளு, படிச்சவரு. வண்டி மொதல்ல எங்க போகணும்னு அவரே சொல்லட்டும். நான் கட்டுப்படறேன்."

குப்பன் மேலே சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தான். சத்தியநாதன் ஸ்பேனரோடு நின்றார். எல்லார் கண்ணும் ஏகநாதன் மேல். அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். 'எனக்கென்ன தெரியும், உங்க ஊர் விஷயம்' என்று கையை விரித்தால் போதும். பம்பைக் கண்டுபிடித்தாயிற்று, பெரியவர் தப்பித்தார், கேஸ் முடிந்தது. வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

"குப்பா, வாய்க்காலைத் தூர் வாரணும். இன்னிக்கே," என்றார் ஏகநாதன். "நடுவுல நாப்பத்தொண்ணுன்னு ஒரு கல் நிக்குது. அது என்னோடது. அதை முதல்ல தள்ளிட்டு ஆரம்பி."

குப்பன் ஒரு கணம் தயங்கி, இரண்டு கையையும் கூப்பி, பிறகு கியரைப் போட்டான். வண்டி அசைந்தது. இருபது பேரும், அண்ணன் யோசிக்காமல் செய்வாரா என்ற மெக்கானிக் உட்பட, அதன் பின்னால் நடந்தார்கள். சரியாக நாலு மணிக்கு மாலை போட்ட ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டர், புல்டோசருக்கு வழிவிட்டு ஓரமாக நிறுத்தினார். சத்தியநாதன் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வண்டியோடு போனார்.

ஏகநாதன் எண்ணெய் டிரம்மின் மேல் உட்கார்ந்தார். பேபி பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், வூட்ல அம்மாகிட்ட நான் வந்து சொல்லட்டா?"

"வேண்டாம் பேபி. நானே சொல்லணும்."

தூரத்தில் கல்லில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. சரோஜினி நேற்று சாயங்காலம்தான், பூஜை முடிந்த கையோடு, சமையலறையைக் கிழக்குப் பக்கம் மாற்றி வரைந்திருந்தாள்.